தெற்குச் சீமைத் தலைநகரங்கள் – 17: தெய்வங்கள் விருந்துக்கு வரும் சாலை

திருவனந்தபுரத்தைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் தம்பானூரில் ரயிலை விட்டு இறங்குகிறார்கள். மற்றவர்கள் சங்குமுகத்தை ஒட்டிய விமான நிலையத்தில். காலையில் பத்மநாப சுவாமி கோயில், அடுத்தாற்போல் குதிரைமாளிகை, மதியத்துக்கு மேல் மியூசியமும் மிருகக்காட்சி சாலையும், பொழுது சாயக் கோவளம். டாக்சிக்காரர் ஒரே நாளில் முடித்துக் கொடுத்துவிடுவார். ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். ஊர் எப்படி உண்டாயிற்று என்பது மட்டும் பிடிபடாது. அது பிடிபட வேண்டுமானால் தெற்கிலிருந்து வர வேண்டும், அதுவும் தரை வழியாக: தக்கலை, குழித்துறை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை. இந்த ஊரைத் தலைநகரமாக்கியவற்றில் பெரும்பகுதி இந்தச் சாலை வழியாக வந்தது. ராஜா வந்தார், திவான் வந்தார், நெசவாளி வந்தார், வியாபாரி வந்தார், பாட்டும் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை தெய்வங்கள் இன்றைக்கும் வருகின்றன.

சென்ற இதழில் பத்மநாபபுரம் அரண்மனையோடு நிறுத்தியிருந்தோம். 1729-இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா 1758-இல் இறப்பதற்குள் வேணாடு என்ற சின்ன நாட்டைக் கொச்சியின் எல்லைவரை நீட்டிவிட்டார். நாடு வடக்கே நீண்டதும் தலைநகரம் தென்கோடியில் ஒதுங்கிப்போயிற்று. அடுத்து வந்த கார்த்திகைத் திருநாள் ராம வர்மா, மக்கள் வாயில் தர்மராஜா, வடக்கே திப்புவின் படை நெடுங்கோட்டையில் வந்து மோதியதையும் பார்த்தவர். அரசின் கண் வடக்கிலேயே இருக்க வேண்டிய காலம் அது. 1795-இல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. பத்மநாபபுரத்திலிருந்து ஏறக்குறைய 55 கிலோமீட்டர்.

அரசர் பெயர்ந்தார், அரண்மனைக் கணக்குகளும் பெயர்ந்தன. தெய்வங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை மூவரும் தத்தம் கோயிலிலேயே. அரச குடும்பத்தின் நவராத்திரி பூசையோ சரஸ்வதி இல்லாமல் நடக்காது. அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இன்றைக்கும் தொடர்கிறது: ஆண்டுதோறும் மூவரையும் விருந்தாளிகளாக அழைத்துவருவது, பூசை முடிந்ததும் மரியாதையாகக் கொண்டுபோய் விடுவது.

அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைத்துப் பூசிக்கப்படும் உடைவாள் எடுத்துக் கொடுக்கப்படும்போது பயணம் தொடங்குகிறது. சரஸ்வதி யானை மேல், மற்ற இருவரும் பல்லக்கில். முதல் இரவு குழித்துறை மகாதேவர் கோயிலில். மறுநாள் களியக்காவிளையில் தமிழ்நாட்டுப் போலீஸ் வழியனுப்ப, கேரளப் போலீஸ் அணிவகுத்து வரவேற்கிறது. இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயிலில். மூன்றாம் நாள் பாலராமபுரம், நேமம் கடந்து மாலையில் கரமனை. அங்கிருந்து குமாரசுவாமிக்கு வெள்ளிக் குதிரை. வந்தவர்களுக்கு ஊரில் தங்குமிடம்கூடத் தனித்தனி: சரஸ்வதிக்குக் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபம், குமாரசுவாமிக்கு ஆரியசாலை, நங்கைக்குச் செந்திட்டை. விஜயதசமியன்று குமாரசுவாமி குதிரையேறிப் பூஜைப்புரை மண்டபம்வரை போய் வருவார். ஒருநாள் இளைப்பாறிவிட்டு மூவரும் வந்த வழியே திரும்புகிறார்கள்.

இந்தச் சரஸ்வதி கம்பர் பூசித்த விக்கிரகம், அவர் அதைச் சேர மன்னனிடம் ஒப்படைத்தார் என்பது மரபு. வரலாற்றுச் சான்றாக இதை யாரும் முன்வைக்க முடியாது. ஆனால் ஒரு மலையாள ராஜ்ஜியம் தன் கல்வித் தெய்வத்துக்குச் சொல்லிவைத்திருக்கும் பூர்வ கதையில் ஒரு தமிழ்க் கவிஞர் வருகிறார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்தான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. அந்த இணைப்பைக் கேட்டு நடந்த போராட்டத்தையும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் பாய்ந்த துப்பாக்கிக் குண்டுகளையும், போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணியையும் பற்றி முன்பே எழுதியாயிற்று. அந்தப் பிரிவினைக்குப் பிறகு நவராத்திரி ஊர்வலம் ஒரு வினோதமான காட்சியாகிவிட்டது. தெய்வங்களின் கோயில்கள் தமிழ்நாட்டு நிர்வாகத்தில். சரஸ்வதி இருக்கும் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில், ஆனால் கேரளத் தொல்லியல் துறையின் கையில். பூசை கேரளத் தலைநகரில். மொழிவாரி மாநிலம் பிரித்தவர்கள் காகிதத்தில் போட்ட கோட்டை மூன்று தெய்வங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை தாண்டுகின்றன. இரண்டு அரசுகளும் கூடவே நடக்கின்றன, கட்சி எதுவாக இருந்தாலும்.

இதே சாலையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தெய்வம் பல்லக்கில் போன வழியில் எல்லா மனிதரும் நடக்க முடியாமலிருந்த காலம் நூற்றைம்பது ஆண்டுக்கு உட்பட்டது. பாலராமபுரத்துக்குத் தெற்கு வடக்காக ஓடிய பொதுப்பாதைகள் புலையர்களுக்கு மூடியே கிடந்தன. விழிஞ்ஞத்துக்கு அருகிலுள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1893-இல் ஒரு வில்வண்டி வாங்கினார். தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்த வண்டியில் ஏறிப் பொதுப்பாதையில் போனார். தடுத்தார்கள், அடிதடியும் நடந்தது, அவர் இறங்கவில்லை. சில ஆண்டுகளில் பாலராமபுரம் சாலியர் தெருவில் பெரிய மோதல். கோயில் நுழைவுப் பிரகடனம் வருவதற்கு 1936 நவம்பர் 12 ஆயிற்று. வெள்ளையம்பலம் சந்திப்பில் அய்யன்காளியின் சிலை நிற்கிறது. ஊர் சுற்றுபவர்கள் போகும் மியூசியத்திலிருந்து அதிகத் தூரமில்லை. டாக்சிக்காரரிடம் கேட்டால் வண்டியை ஓரங்கட்டுவார்.

சாலியர்கள் யார்? அவர்களும் தெற்கிலிருந்து வந்தவர்களே. பாலராம வர்மா ஆண்ட 1798–1810 காலத்தில், அரண்மனைக்குத் துணி நெய்ய வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து நெசவாளிக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றியது திருவிதாங்கூர் அரசு. ஓணத்துக்குக் கேரளமே உடுத்தும் கசவுக் கரைபோட்ட வெள்ளை வேட்டி, முண்டு, நேரியதில் பாலராமபுரத்துக்குத் தனி மதிப்பு. புவிசார் குறியீடு பெற்ற அந்தத் துணியைக் குழித்தறியில் நெய்பவர்களின் பாட்டன் பூட்டன்மார் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள்.

இனி ஊருக்குள் நுழையலாம். கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டியதும் பத்மதீர்த்தக் குளம், எதிரே மேத்தன் மணி என்னும் கடிகாரம். தாடிவைத்த ஒரு முகம். மணி அடிக்கும் நேரத்தில் அது வாயைத் திறக்க, இரண்டு பக்கமும் இரண்டு ஆட்டுக்கடாக்கள் ஓடிவந்து கன்னத்தில் முட்டுகின்றன. 19-ஆம் நூற்றாண்டு வேலைப்பாடு. குழந்தைகளை அழைத்துவருகிறவர்கள் கோயிலைவிட இதற்கு முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள், நானும் அப்படியே.

அதை அடுத்து நவராத்திரி மண்டபம். கர்நாடக இசை கேட்கிறவர்களுக்கு இந்த ஊரில் இதைவிடப் பெரிய இடம் இல்லை. ஒன்பது நாளும் மாலை சரஸ்வதிக்கு முன்னால் கச்சேரி. பாடுபவர் சட்டையில்லாமல், வேட்டியோடு, அம்மனைப் பார்த்து உட்கார்ந்து பாட வேண்டும். கைதட்டல் கூடாது. எண்ணெய் விளக்கு வெளிச்சம். எதிரொலியை அடக்க மேற்கூரையில் மண்பானைகள் வாய் கீழாகத் தொங்குகின்றன. அன்றன்றைக்கு எந்தக் கீர்த்தனை முக்கியம் என்பது திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் வகுத்தது: முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. இந்த ஒன்பதும் அவருடைய நவராத்திரிக் கீர்த்தனைகள். கச்சேரி என்ற சொல்லுக்கு நாம் இன்று பழகியிருக்கும் துக்கடா, சீட்டு, ரசிகர் வேண்டுகோள் எதுவும் இங்கே கிடையாது. பாடகர் யாராயிருந்தாலும் அன்றைய ராகத்துக்கு அடங்கியாக வேண்டும்.

பெண்கள் பாட இடமில்லாமலிருந்தது இந்த மண்டபம். 2006-இல் அந்த வழக்கத்தை உடைத்தவர் பாறசாலை பொன்னம்மாள். பாறசாலை வேறெங்கோ இல்லை, களியக்காவிளைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே ஊர்வலம் கடந்துபோகும் ஊர். ஆண்டுதோறும் ஒரு பெண் தெய்வத்தைச் சுமந்துவந்து முன்னால் வைத்துக்கொண்டு, பெண் குரல் கூடாது என்று ஒன்றரை நூற்றாண்டு எப்படி இருந்தார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்காத விஷயம். பொன்னம்மாள் அன்று பாடியபோது அவருக்கு வயது எண்பதை ஒட்டியிருந்தது.

சுவாதித் திருநாளின் வாழ்க்கை மண்டபத்தை ஒட்டிய குதிரைமாளிகையில் இருக்கிறது. புத்தன்மாளிகை என்பது கட்டியபோது வைத்த பெயர். இறவாரத்தின் கீழே வரிசையாகச் செதுக்கியிருக்கும் 122 மரக்குதிரைகளால் மக்கள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். 1813-இல் பிறந்தவருக்கு, பதினாறு வயதில், 1829-இல், ஆட்சிப் பொறுப்பு கைக்கு வந்தது. 1837-இல் ஊருக்கு ஒரு வானாய்வுக்கூடம் அமைத்தார். இசை, நடனக் கலைஞர்களை எங்கிருந்தெல்லாமோ வரவழைத்தார். அப்படி வந்தவர்களில் தமிழ் வாசகர் மறக்கக்கூடாத பெயர் தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு நால்வரும்தான் இன்று நாம் மேடையில் பார்க்கும் பரதநாட்டியத்தின் வரிசைமுறைக்கு உரு கொடுத்தவர்கள். தஞ்சாவூர் அரண்மனையோடு மனம் கசந்த பிறகு வடிவேலுவுக்குப் புகலிடம் கொடுத்தது இந்த ஊர். வெள்ளைக்காரனின் வாத்தியமான வயலினைக் கர்நாடக இசைக்கு வளைத்துக் கொடுத்தவர்களில் ஒருவர் அவர். 1834-இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

முடிவு சந்தோஷமானதல்ல. 1840-இல் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக வந்த கல்லன் அரசு நிர்வாகத்தில் தலையிட்டுக்கொண்டே இருந்தார். மகாராஜா மெல்ல மெல்ல ஒதுங்கி, பூசையிலும் பாட்டிலும் அடைபட்டுக்கொண்டார். 1846 டிசம்பரில் இறந்தபோது வயது முப்பத்துமூன்று. ஆசையாகக் கட்டிய மாளிகையில் அவர் இருந்தது கொஞ்சகாலம்தான். அதற்குப் பிறகு நூறாண்டுக்கு மேல் அது பூட்டியே கிடந்தது. இப்போது அருங்காட்சியகம், தந்தச் சிம்மாசனமும் படிகச் சிம்மாசனமும் உள்ளே இருக்கின்றன. ஜனவரியில் முற்றத்தில் சுவாதி சங்கீத உற்சவம் நடக்கும்போது டிக்கெட் கிடையாது, போய் உட்கார்ந்துகொள்ளலாம்.

அவருடைய கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்ததிலும் தெற்குச் சாலைக்குப் பங்கு உண்டு. திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூரிலிருந்து முத்தையா பாகவதர் வந்தார், பாடாந்தரங்களைத் தேடித் தொகுத்தார். 1939-இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்விக்கூடத்துக்கு முதல் தலைவரும் அவரே. அடுத்து வந்த செம்மங்குடி சீனிவாசய்யர் பல உருப்படிகளுக்கு மெட்டமைத்து மேடையில் நிலைநிறுத்தினார். 1980-களில் வீணை பாலசந்தர், இவ்வளவு சாகித்தியங்களையும் இயற்றிய சுவாதித் திருநாள் என்றொருவர் இருந்தாரா என்றே கேட்டுப் பெரிய சண்டையைக் கிளப்பினார். மெட்டுகளில் பல பின்னால் போட்டவை என்பது உண்மை. அதிலிருந்து ஆளே இல்லை என்று தாண்டுவது அதிகப்படி.

பத்மநாப சுவாமி கோயிலுக்கு இப்போதுதான் வருகிறேன் என்று வாசகர்கள் கோபிக்கக்கூடும். 2011-இல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் நிலவறைகள் திறக்கப்பட்டதிலிருந்து இந்தக் கோயிலைப் பற்றி யாரும் தங்கத்தைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. திறக்காத ‘பி’ அறை, நாகப் பூட்டு, சாபம் என்று வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. 2020 ஜூலையில் அரச குடும்பத்தின் நிர்வாக உரிமையை நீதிமன்றம் ஏற்றது என்ற செய்தியோடு அதை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

நம்மாழ்வார் பாடிய தலம் இது. 108 திவ்விய தேசங்களில் மலைநாட்டுத் தலங்களுள் ஒன்று. வெளியே நின்று பார்த்தால் முதலில் தெரிவது கேரளக் கூரை அல்ல, ஏழு நிலைக் கோபுரம். 1566-இல் அடித்தளம் போட்ட இந்த நூறடிக் கோபுரத்தைப் பெயர்த்து நாங்குநேரியிலோ திருக்குறுங்குடியிலோ வைத்தால் யாரும் வித்தியாசம் சொல்ல மாட்டார்கள். உள்ளே சீவேலிப் பிராகாரத்தில் 365 தூணும் கால் தூணும் என்று கணக்குச் சொல்வார்கள். 1686-இல் கோயில் எரிந்து நாசமாயிற்று. மார்த்தாண்ட வர்மா திருப்பிக் கட்டினார். 12,008 சாளக்கிராமங்களை உள்ளே வைத்துக் கடுசர்க்கரை யோகம் என்னும் கலவையால் உருவாக்கியது இன்றைய மூலவர் திருமேனி. பாம்பணையில் கிடக்கும் பெருமாளை மூன்று வாசல் வழியாக, முகம், உந்தி, பாதம் என்று துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். முன்னால் இருக்கும் ஒற்றைக்கல் மண்டபம், திருமலை என்ற இடத்திலிருந்து இழுத்துவந்த ஒரே பாறை: இருபது அடிச் சதுரம், இரண்டரை அடி கனம்.

கட்டுமானத்தைவிட மார்த்தாண்ட வர்மா இங்கே செய்த அரசியல் பெரிது. கோயிலை நடத்திவந்த எட்டரை யோகமும், நிலவுடைமையாளர்களான எட்டுவீட்டில் பிள்ளைமாரும் தலைமுறைக் கணக்காக அரசர்களை ஆட்டிவைத்தவர்கள். பிள்ளைமாரைத் தூக்கிலிட்டு ஒழித்தார். அக்கம்பக்க நாடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். பிறகு 1750 ஜனவரியில் உடைவாளைக் கோயில் படியில் வைத்து, நாடு முழுவதையும் பத்மநாபனுக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். திருப்படி தானம் என்பது அதன் பெயர். அன்றிலிருந்து திருவிதாங்கூர் ராஜாக்கள் பத்மநாபதாசர்கள், நாட்டைப் பெருமாளுக்காகப் பார்த்துக்கொள்கிறவர்கள். பக்தி அவருக்கு இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் புதிதாகப் பிடித்த நாட்டில் ஒருவன் ராஜாவை எதிர்த்தால் அது ராஜத்துரோகம். பத்மநாபனை எதிர்த்தால் பாவம். இரண்டாவதற்குக் காவல் போட வேண்டிய அவசியமில்லை.

கோட்டையை விட்டுக் கிழக்கே வந்தால் சாலைக் கடைத்தெரு. தர்மராஜாவின் திவான் ராஜா கேசவதாஸ் அமைத்தது. அவரும் விளவங்கோட்டுப் பக்கம் குன்னத்தூர்க்காரர். கரமனையாற்றையும் கிள்ளியாற்றையும் கடந்து தெற்கின் சரக்கு நேராகக் கோட்டை வாசலுக்கு வரும்படி செய்தார். நாஞ்சில் நாட்டு நெல்லும் திருநெல்வேலிப் பருத்தியும் கருப்பட்டியும் வந்தன. கூடவே செட்டிகளும் பிள்ளைமார்களும் மற்றவர்களும் வந்து கடை போட்டார்கள். இன்றும் கொத்துவால் தெருவில் நுழைந்தால் பேரம் பாதி தமிழில் நடக்கும். மலையாளத்தில் கேட்டால் தமிழில் பதில், தமிழில் கேட்டால் மலையாளத்தில் பதில் என்று இரண்டும் கலந்து ஓடும் ஒரு பேச்சு. இந்தப் பேச்சை எழுத்தில் பிடித்தவர் ஆ. மாதவன். அந்தத் தெருவிலேயே பாத்திரக் கடை நடத்திக்கொண்டு, சுமை தூக்குபவர்கள், சில்லறைத் திருடர்கள், பிச்சைக்காரர்கள், கோயில் காளை என்று கடைத்தெருவையே கதையாக்கினார். 1934-இல் பிறந்து 2021-இல் மறைந்தவர். ‘கிருஷ்ணப் பருந்து’ அவருடைய பேர்பெற்ற நாவல். நீல பத்மநாபனின் ‘பள்ளிகொண்டபுரம்’ கோட்டையையும் கோயிலைச் சுற்றிய தெருக்களையும் களமாகக் கொண்டது. நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவர். கேரளத் தலைநகரில் உட்கார்ந்து எழுதிய இவர்களை எடுத்துவிட்டால் நவீனத் தமிழ்ப் புனைகதையில் பெரிய ஓட்டை விழும்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி பேரூர்க்கடையில் ஆர்வீபுரம் என்று தன் ஆசிரியர் ஆர்வியின் பெயரால் வீடு கட்டி வாழ்ந்த பெ. சுந்தரம் பிள்ளை. மகாராஜா கல்லூரியின் தத்துவப் பேராசிரியர். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தினமும் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து 1891-இல் அவர் வெளியிட்ட ‘மனோன்மணீயம்’ நாடகத்திலிருந்து எடுத்தது. அந்த அளவுக்குத் தெரியாதது, அவர் கல்வெட்டுகளைத் தேடி அலைந்து வேணாட்டு அரசர்களின் கால வரிசையை முதன்முதலில் அறிவியல் முறையில் ஒழுங்கு செய்தார் என்பது. நாற்பத்திரண்டு வயதில் போய்விட்டார்.

சாலை என்ற பெயரின் பழமையைப் பார்க்க வலியசாலை அக்கிரகாரம் போக வேண்டும். நீண்ட தெருவின் நடுவே காந்தளூர் மகாதேவர் கோயில். முதலாம் ராஜராஜன் தன் கல்வெட்டுகளில் ஆட்சியின் தொடக்க ஆண்டுகளிலிருந்தே பெருமையாகச் சொல்லிக்கொண்ட காந்தளூர்ச் சாலை வெற்றி இந்த இடத்தைச் சேர்ந்தது என்பது பலர் ஏற்கும் கருத்து. அங்கே அவன் அழித்தது கப்பல் படையையா, ஒரு கல்விச்சாலையின் உரிமைகளையா என்பதில் அறிஞர்கள் நூறாண்டாக ஒத்துப்போகவில்லை. அந்தக் காலத்துக் கல்விச்சாலைகள் எப்படி இருந்தன என்பதற்கு வேறொரு நல்ல சான்று உண்டு. ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் பார்த்திவசேகரபுரத்தில் ஒரு சாலை அமைத்தான், காந்தளூரை முன்மாதிரியாக வைத்து. 95 மாணவர்கள். ஒருவரையொருவர் ஏசினால் அபராதம், ஆயுதத்தோடு வரக்கூடாது, விடுதியில் வேலைக்காரிகளை வைத்துக்கொள்ளக்கூடாது என்றெல்லாம் செப்பேடு சொல்கிறது. ஹாஸ்டல் வார்டன்களின் கவலை பன்னிரண்டு நூற்றாண்டுகளாக மாறவில்லை.

கிள்ளியாற்றங்கரையில் ஆற்றுக்கால். மதுரையை எரித்த கண்ணகி கொடுங்கல்லூருக்குப் போகும் வழியில் இங்கே தங்கினாள் என்பது தலபுராணம். மாசியில் பத்து நாள் திருவிழாவில் தோற்றம்பாட்டாகப் பாடுவதும் கண்ணகி கதைதான். பாண்டியன் கொல்லப்படும் இடம் வந்ததும் பொங்கல் அடுப்புக்குத் தீ மூட்டுகிறார்கள். நகரத்தின் ரோடெல்லாம் செங்கல் அடுப்பாகிவிடும். 2009-இல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் பதிவு.

மியூசியம் வளாகத்தைச் சீக்கிரமாகவே கடந்துவிடலாம். நேப்பியர் மியூசியத்தைக் கட்டிய சிஷோம் நமக்குப் பழகியவர், சென்னைக் கடற்கரையின் செனட் ஹவுஸும் அவருடையதே. 1880-இல் முடிந்த கட்டடம். அதே வளாகத்தில் ஸ்ரீ சித்திராலயம் 1935-இல் திறந்தது. ரவி வர்மா ஓவியங்களுக்காக எல்லோரும் போகும் இந்தக் கூடத்தை அமைத்துக் கொடுத்தவர் ஓர் ஐரிஷ் கவிஞர் என்பது அங்கே போகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஜேம்ஸ் கசின்ஸ், பெல்ஃபாஸ்டில் 1873-இல் பிறந்தவர். அன்னி பெசன்ட் அழைத்து 1915-இல் இந்தியா வந்து, மதனப்பள்ளியில் ஆசிரியராயிருந்து, பின்னால் திருவிதாங்கூரின் கலை ஆலோசகரானார். அவருடைய மனைவி மார்கரெட் கசின்ஸ் அகில இந்திய மாதர் மாநாட்டைத் தொடங்கியவர். தெற்குச் சாலை வழியாக வராதவர்களும் இந்த ஊருக்குச் செய்திருக்கிறார்கள் என்பதற்கு இவர்கள் போதும்.

கடற்கரைக்கு வருவோம். ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபனுக்குத் திருவிழா, முடிவில் சங்குமுகத்தில் ஆறாட்டு. கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே 1930-களில் விமானத்தளம் வந்துவிட்டது. சுவாமி வழியை மாற்றிக்கொள்ளவில்லை, விமானங்கள்தான் நேரத்தை மாற்றிக்கொண்டன. ஆண்டுக்கு இரண்டு மாலை, சில மணி நேரம் ஓடுபாதையை மூடுகிறார்கள். அரச குடும்பத் தலைவர் வாளோடு முன்னால் நடக்க, யானையும் கருட வாகனங்களும் ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போய்த் தீவட்டி வெளிச்சத்தில் திரும்புகின்றன. உலக விமான நிறுவனங்களுக்கெல்லாம் முன்கூட்டியே அறிவிப்பு போய்விடும்.

சங்குமுகத்துக்குத் தெற்கே வலியதுறை. 1825-இல் இரும்பில் ஒரு கடற்பாலம் கட்டினார்கள். 1947-இல் கப்பலொன்று மோதி அது உடைந்தது. 1956-இல் கான்கிரீட்டில் கட்டியதும் இப்போது கடலரிப்பில் இடுப்பொடிந்து நிற்கிறது. இயற்கைத் துறைமுகம் இல்லாத கடல்நகரம் இது; அதன் ஆழமெல்லாம் பதினைந்து கிலோமீட்டர் தெற்கே விழிஞ்ஞத்தில் இருந்தது. ஆய் மன்னர்களுக்கு அது தெரியும். பாண்டியர்களுக்கும் சோழர்களுக்கும் தெரியும், அதனால்தான் இருவருமே தங்கள் செப்பேடுகளில் விழிஞ்ஞத்தைப் பிடித்ததாக எழுதிக்கொண்டார்கள். எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை ஒன்று அங்கே இருக்கிறது. ஒரு ஆள் குனிந்து நுழையும் அளவு. உள்ளே வீணையேந்திய தட்சிணாமூர்த்தி. வெளிச்சுவரில் சிவனும் பார்வதியும் பாதியில் விட்ட வேலையாக நிற்கிறார்கள். 2024 ஜூலையில் ‘சான் ஃபெர்னாண்டோ’ என்ற முதல் பெரிய சரக்குக் கப்பல் அந்தக் குடைவரைக்குப் பக்கத்திலுள்ள புதிய துறைமுகத்தில் வந்து நின்றது. 2025 மே 2-இல் துறைமுகம் முறைப்படி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சர்வதேசக் கப்பல் தடம் அங்கிருந்து ஏறக்குறைய பத்துக் கடல் மைல். கொழும்பில் சரக்கு மாற்றும் வியாபாரத்தின்மேல்தான் விழிஞ்ஞத்தின் கண்.

இந்தக் கடலோரத்தில் நடந்த பழைய சண்டை ஒன்று வடக்கே பாக்கி இருக்கிறது. ஆற்றிங்கல் ராணியிடம் இடம் வாங்கி ஆங்கிலேயர் 1695-இல் எழுப்பிய கோட்டை, 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசு கொண்டுபோன ஏறக்குறைய 140 பேர் திரும்பி வராமல் போனது. அடுத்த இதழில் அஞ்சுதெங்கு.